நம்மையே கேள்வி கேட்கிற சங்கம்

கடையநல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜவுளிக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றார். "டீச்சர், ஒங்க செக்ரட்டரி காஜா பாய் மவுத்தாயிட்டாவ. நேத்து அஸர் தொழுகைக்குப் பொறவு அடக்கியாச்சு," என்றார். விடைத்தாள் கட்டோடு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று அழுகை வந்தது.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் உளவியல் படித்தவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. மொத்தமே எட்டுப் பேர். நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உளவியல் எடுத்தேன். காஜா பாய் பாங்கு குமாஸ்தா. தபால் வழியில் எம்.ஏ. உளவியல் முடித்தவர். "பைத்தியக்கார சங்கத்துல இன்னைக்கு மீட்டிங்கா?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். "ஆமா, ஒரு எடம் காலியா இருக்கு, வாரீரா வே?" என்பார் அவர். எங்களிடம் சொல்வது வேறு: "சங்கம்னா கூலி கேக்கதுக்குன்னு நெனைக்காவ. நம்ம சங்கம் நம்மளையே கேள்வி கேக்கதுக்கு."

அந்தக் கேள்வி ஒருநாள் எனக்கே வந்தது. சங்கத்தின் ஆலோசனை அறைக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார், விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கரண்ட் போய்த் தறிகள் சட்டென்று நின்றால்தான் நெஞ்சு அடைத்துத் தெருவுக்கு ஓடிவிடுவார். யாருக்கும் தெரியவராது என்று நான் சொன்னதை நம்பித்தான் வந்தார்.

மாதக் கூட்டத்தில் ஒருவர் ஒரு கேஸ் சொல்ல வேண்டும், பெயரை மாற்றி. என் முறை வந்தது. பெயரை மாற்றினேன், தெருவை மாற்றினேன், வயதைக்கூட மாற்றினேன். கரண்ட் போனதை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன். பாதியிலேயே ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "அட, தறிக்கொட்டகையில இருந்து கத்திக்கிட்டு ஓடி வந்தாளே, அந்தப் பிள்ளைலா?" என்றார். நாலு தலைகள் ஆடின. எம்.ஏ. படித்த எனக்கு, ஊரே பார்த்த ஒன்றை மறைக்கத் தெரியவில்லை.

காஜா பாய் மினிட்ஸ் நோட்டை மூடினார். "கூட்டம் முடிஞ்சுது."

மாடிப்படியில் நின்று, ராஜினாமா செய்துவிடுகிறேன் என்றேன்.

"ராஜினாமா லேசு டீச்சர். நாளைக்குக் காலைல அந்தப் பிள்ளைகிட்ட போவோம். ஊர்க்காரன் சொல்லுததுக்கு முந்தி நம்ம வாயால சொல்லணும்."

"சொன்னா இனிமே வரவே மாட்டா, பாய்."

"வராட்டா அது அவ இஷ்டம். மறைக்கது நம்ம இஷ்டமா?"

மறுநாள் அந்தப் பெண்ணை வேலைக்குப் போகும் வழியில் பார்த்தோம். எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். "நம்பித்தான சொன்னேன் டீச்சர்?" என்றார். காஜா பாய் முன்னால் வந்து, "தப்பு சங்கத்தோடது. நான் செக்ரட்டரி. என்னைய ஏசும்மா," என்றார். அந்தப் பெண் ஏசவில்லை. "அங்கன இருந்தவங்கள்ல என்னய மாதிரி யாருக்காவது வந்திருக்கா?" என்று கேட்டார்.

காஜா பாய் தனக்கு என்ன வரும் என்று சொன்னார். நாலே வார்த்தை. அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அறைக்கு வந்தார்.

அந்த மாதமே மினிட்ஸ் நோட்டில் ஒரு விதி ஏறியது: யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவருக்கு முதலில் வாசித்துக் காட்ட வேண்டும், வேண்டாம் என்றால் சொல்லக் கூடாது. பிறகு ஆள் குறைந்து சங்கம் நின்றுபோனது. விதியை நான் விடவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரிகிறதென்றால், அது காஜா பாய் கொடுத்தது. அன்று என்னை விலக்காமல் கூட்டிக்கொண்டு போனாரே, அதற்கு நான் கடைசிவரை நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இதை எழுதியதும் முதலில் அந்தப் பெண்ணுக்கு வாசித்தேன். "பாய்க்காகத்தான, எழுதுங்க," என்றார். பிறகு கடையநல்லூருக்குப் போய், கணவர் இறந்தபின் வெளியே வராமல் இத்தாவில் இருந்த காஜா பாயின் மனைவிக்கு வாசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுஹ அந்தப் பிள்ளைட்ட சொன்ன அந்த நாலு வார்த்த மட்டும் வேண்டாம்மா," என்றார்.

அங்கேயே, அவர் முன்னாலேயே அந்த வரியை அடித்துவிட்டேன்.