மெர்சியின் சுத்தியல்

எங்கள் எதிர்வீட்டு மெர்சிக்குக் கான்கிரீட்டைத் தட்டுவதுதான் வேலை. காட்டுப்பள்ளிப் பக்கம் கடலுக்குள் நீளும் பழைய பாலமொன்றில், சின்னச் சுத்தியலால் தூண் தூணாகத் தட்டிக்கொண்டே போவாள். நல்ல கான்கிரீட் 'டங்' என்னும். உப்பு இறங்கி, உள்ளே கம்பி துருவேறி ஊதியிருந்தால், மேல் அடுக்கு விட்டுப்போய் 'பொத்' என்னும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடவேண்டும். இதற்கும் ஒரு சம்பளமா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒருநாள் மெர்சி ஒட்டடை அடிக்கும்போது கம்பு அவள் வீட்டுக் கூரைத் தளத்தில் இடித்தது. 'பொத்'. நேர் கீழே மாமியார் சின்னப்பொண்ணுவின் கட்டில்.

மாமனார் போர்வெல் தண்ணீரில் கலவை கலந்து போட்ட தளம் அது. எங்கள் தெருவில் அந்தத் தண்ணீர் வாயில் வைக்கமுடியாமல் கரிக்கும். மெர்சி வட்டம் போட்டாள். அடுத்த வாரம் வட்டத்துக்கு வெளியேயும் 'பொத்' என்றது. இன்னொரு வட்டம். அப்புறம் அதைவிடப் பெரியது. கட்டிலின் தலைமாட்டை நோக்கி அது நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த அறைக்குள் போனால் நான் சுவரோரமாகவே நடப்பேன்.

"அத்தே, ஹால்ல வந்து படு. கெஞ்சிக் கேக்கறேன்."

"தட்டிப் பாக்க இது இன்னா தேங்காவாடி? எம் புருசன் போட்ட தளம். நான் வரமாட்டேன், போ."

மெர்சி அழுதேவிட்டாள். அவள் புருசன் சாம்சனோ, அம்மா பேச்சைத் தாண்டாத பிள்ளை. கிறிஸ்துமஸ் முடியட்டும், தளத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்றான்.

பிறகுதான் கிழவி என்னிடம் புலம்ப ஆரம்பித்தாள்.

"உம் ஃப்ரெண்டால ஒரே பேஜாரு. மத்தியானம் கண்ண மூட முடியல. மேல ஏறிக்கினு டொக்கு டொக்குனு தட்றா."

"மத்தியானம் அவ வேலைல இருப்பாளே!"

"அப்ப யாரு, நீ தட்றியா?"

அந்த வீட்டுக்கு மாடிப்படியே கிடையாது. மெர்சியிடம் சொன்னேன். "கான்கிரீட் விரியற சத்தம்க்கா. இன்னிக்கு ராத்திரி அத்தைய தூக்கிக்கினாவது உங்க வூட்டுக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். விரிசலாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று தட்டு தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நிற்கிறது என்றாளே கிழவி! விரிசல் அப்படிச் செய்யுமா?

அன்று மத்தியானம் சின்னப்பொண்ணு கையில் துடைப்பத்தோடு தெருவுக்கு வந்து, கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

"எறங்குடி கீழ! மனுசி தூங்க வாணா?"

நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் ஒரு காக்காய்கூட இல்லை. வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து 'தடால்' என்றது. வாசல் வழியாகத் தூசி பொங்கி வந்தது. கட்டில் இருந்த இடத்தில் கான்கிரீட் பாளம் கிடந்தது.

நான் போன் போட்டதும் மெர்சி வேலையிலிருந்து ஓடிவந்தாள். கிழவி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"உன்னத் திட்டத்தான்டி வெளிய வந்தேன். நல்லவேள, நிறுத்தாம தட்டின."

மெர்சி என்னைப் பார்த்தாள். அந்த நேரம் அவள் கடல்மேல் நின்றிருந்தாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கிழவியின் முகத்திலிருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஆமா அத்தே, நாந்தான் தட்டினேன்."