இரண்டு பத்திகளுக்கு நடுவில் அண்ணி

என் அண்ணிக்கு வீட்டில் ‘அதுவும் சரி’ என்று பெயர். வைத்தது அண்ணன். அம்மா அவனைப் பற்றிக் குறை சொன்னால் அண்ணி, “அதுவும் சரிதான் அத்தை” என்பாள். அண்ணன் அம்மாவைப் பற்றிச் சொன்னாலும் அதே பதில்தான். இருவரும் மனம் ஆறி எழுந்து போவார்கள். அவள் மட்டும் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், நாள் முழுக்க நீராவியில் நின்று படுக்கை விரிப்புகளை மடிப்பாள். பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாததால் இன்னும் தற்காலிகம்தான். அதற்காகவே மாலை வகுப்பில் சேர்ந்தாள். மொழிப்பாடம் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். அதில் இரண்டு பத்திகளைப் படித்து, ஏதாவது ஒரு பக்கம் நின்று, பள்ளிக் கூட்டத்தில் பேசுவதுபோல் உரை எழுதிப் பேசிக்காட்ட வேண்டும். போன முறை அவள் இரண்டு பக்கமும் பேசினாள். இந்த முறையும் தவறினால் நிரந்தர இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

ஞாயிறு மதியம், வீட்டில் உரை எழுதி வரச் சொல்லிக் கொடுத்திருந்த வினாத்தாளைச் சமையலறை மேசையில் விரித்தாள். “நீ ரெண்டு பாஷையில படிச்சவ. கொஞ்சம் பாரேன்.”

பள்ளி ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கலாமா என்பது கேள்வி. பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை, தொடங்கலாம் என்கிறார் ஒரு மருத்துவர். காலையில் வேலைக்கு ஓடும் நாங்கள் பிள்ளையை யாரிடம் விடுவது என்று கேட்கிறாள் ஒரு தாய்.

“எந்தப் பக்கம் அண்ணி?”

“டாக்டர் சொல்றது நியாயம்.” நாலு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள். “ஆனா இந்தம்மா பாவம்ல?”

“அப்ப அவங்க பக்கமே பேசுங்க.”

“டாக்டர் என்ன பொய்யா சொல்றாரு?”

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: “பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டிப் பழகினவ. இவளுக்கு எங்கேருந்துடி பேச்சு வரும்?”

“அதுவும் சரி!” என்றான் அண்ணன், கூடத்திலிருந்து.

அண்ணி சிரிக்கவில்லை. “நான் ஒரு பக்கம் சாஞ்சிருந்தா இந்த வீட்ல எப்பவோ ரெண்டு அடுப்பு எரிஞ்சிருக்கும்,” என்றாள், குரலை உயர்த்தாமல். அவள் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

மறுநாள் மாலை வகுப்பில் அவள் பேசிக்காட்டும்போது துணைக்கு நானும் போயிருந்தேன். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. “இருட்டுல எழுந்து ஓடுற உடம்பு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதைப் பிள்ளைங்களுக்கும் பழக்காதீங்க,” என்று உரையை முடித்தாள்.

“அப்போ அந்த அம்மாவுக்கு என்ன பதில்?” என்று கேட்டார் ஆசிரியை.

அண்ணி கையிலிருந்த தாளை விரிப்பை மடிப்பதுபோல் நாலாக மடித்தாள்.

“அவங்க கஷ்டம் பெருசுதான். அதுக்குப் பிள்ளைங்களோட தூக்கத்தை எடுத்துக் குடுக்க முடியாது.”

ஆசிரியை தலையசைத்து, தேர்ச்சி என்று எழுதினார்.

பேருந்து நிறுத்தம் வரை அவள் தலையைக் குனிந்தபடியே நடந்தாள்.

“பாஸாயிட்டீங்க அண்ணி. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“அந்தம்மாவுக்காக யாருமே பேசலையே.”

“அது சும்மா பத்தி அண்ணி. அப்படி ஒருத்தி கிடையாது.”

“இருப்பா,” என்றாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.