அம்மா கேட்ட மனஸ்தாபம்

என் அம்மா மிக்கேலம்மாள் எண்பத்து நாலு வருஷம் இருந்தாள். முதலாம் ஆண்டு நினைவுப் பூசையில் கொடுக்கிற தாளில் போட அவளைப் பற்றி நாலு வரி வேண்டும் என்று என் மகள் கேட்டாள். நான் எட்டாவதோடு நின்றவன், தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் நிற்கவில்லை.

அப்பா இறந்தபோது அக்கா செங்கோல்ராணிக்கு ஆறு வயது, எனக்கு இரண்டு. பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் வளவு முற்றம் கூட்டி, மாவாட்டி, பாத்திரம் தேய்த்து அம்மா எங்களை வளர்த்தாள். முப்பத்தோரு வருஷம் அதே வீடு. அந்த வீட்டு நாகம்மை ஆச்சி வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டார். அம்மாவுக்கும் வெள்ளி சுத்தபோசனம்.

“உங்க சாமியும் எங்க சாமியும் கிழமையில மட்டும் ஒத்துப்போயிட்டாக மிக்கேலு” என்பார் ஆச்சி.

“மத்ததுலயும் அவுகளுக்குள்ள சண்டை இல்ல ஆச்சி. நம்ம வீட்டு ஆம்பளைக போடுறதுதான்” என்பாள் அம்மா.

ஞாயிறு பூசையை விடமாட்டாள். கொரோனாவில் மாதா கோயிலைப் பூட்டியபோது, பூட்டிய கதவுக்கு வெளியே போய் முட்டி போட்டுவிட்டு வந்தாள். வழியில் மறித்த போலீஸ்காரரிடம், “ரேஷன் கடைக்குப் போறேன்னு பொய் சொல்லச் சொல்றீகளா?” என்று கேட்டாளாம். பேரன் பேத்திகள் ஐந்து பேருக்கும் செபம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். செபமாலை நேரத்தில் எவனாவது தூங்கி விழுந்தால், “தூங்கு, முட்டி போட்டுத் தூங்கு” என்பாள். அதட்டமாட்டாள்.

எனக்கும் அக்காவுக்கும் ஏழு வருஷம் பேச்சு இல்லை. அவள் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை நான் போட வேண்டியது. நான் போய்ச் சேர்ந்தபோது, நேரமாகிறதென்று பெரியப்பா மகனை வைத்து மாலையைப் போட்டு முடித்திருந்தார்கள். வண்டி பஞ்சர் என்று எல்லோரிடமும் சொன்னேன். “உடன்பிறந்தவனுக்காகக் கால் மணி நேரம் நிற்கத் தெரியாதவள் என்ன அக்கா” என்று கோயில் வாசலிலேயே கத்திவிட்டு வந்தேன். அதோடு சரி.

அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மாதத்தில் பாதி பள்ளத்தூரில் என்னிடம், பாதி காரைக்குடியில் அக்காவிடம். பஸ்ஸில் தனியாகவே போவாள், வருவாள். அங்கே நடந்ததை இங்கே சொல்லமாட்டாள். “அக்கா எப்படி இருக்கு?” என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

போன வருஷம் என் வீட்டில் இருக்கும்போது பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா ஆஸ்பத்திரிக்கு நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துபோனாள். என் வீட்டுக்கு வரவில்லை. வா என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அம்மா கண்ணை மூடுவதற்குள் இரண்டு பேரும் ஒன்றாக அவள் முன்னால் நிற்போமா என்பது எனக்கே தெரியவில்லை.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். அம்மா என் கையைப் பிடித்தாள். நாக்கு குழறியது.

“மனஸ்தாபம்… சொல்லுடா.”

ஏழு வருஷம் கழித்துக் கேட்கிறாளே என்று கட்டிலில் உட்கார்ந்தேன். சொல்ல ஆரம்பித்தால் பொய் வரவில்லை.

“வண்டி பஞ்சர் ஆகலம்மா. டீக்கடையில கூட்டாளிகளோட பேசிக்கிட்டு நின்னுட்டேன். தப்பு எம்மேலதான்.”

அம்மா தலையை ஆட்டினாள். இல்லை என்கிற மாதிரி. “மனஸ்தாபம்” என்றாள் மறுபடியும்.

“அதான் சொல்லிட்டேனேம்மா.”

“மனஸ்தாபம்.”

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஒங்க அக்காவத்தான் கேக்குறாக. சும்மா உக்காந்திருக்கீக, போனப் போடுங்க.”

போட்டேன். “அம்மா கேக்குது, வா” என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது.

அக்கா என்னைப் பார்க்காமல் நேரே கட்டிலுக்குப் போனாள். அம்மா அவளிடமும் அதையே சொன்னாள். அக்கா குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“இது எப்பத்துல இருந்து கேக்குது?”

“காலையில இருந்து. நமக்குள்ள இருக்குறதத்தான் கேக்குதுன்னு…”

“எரும. உத்தம மனஸ்தாப மந்திரத்தக் கேக்குதுடா.”

எங்களைப் போல வேதக்காரர் வீட்டில் சாகக்கிடக்கிறவர் காதில் சொல்கிற மந்திரம் அது. செய்த பாவத்துக்கு மனம் நோவதுதான் அதில் மனஸ்தாபம். ஊர்ப்பேச்சில் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது. ஏழு வருஷம் இதிலேயே கிடந்தவனுக்கு அது எங்கே ஞாபகம் வரும்? அம்மா கேட்டது மந்திரம். நான் சொன்னது டீக்கடை.

என் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அம்மாவின் காதருகே உட்கார்ந்து மந்திரத்தை ஆரம்பித்தாள். எனக்கு முதல் வரிக்கு மேல் வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல, சின்னப் பிள்ளை மாதிரி பின்னால் சொன்னேன். நடுவில் அவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“நமக்குள்ள இருக்குறதக் கேக்குதுன்னு நெனச்சு என்ன சொன்ன அம்மாட்ட?”

“வண்டி பஞ்சர் ஆகலன்னு.”

“அது எனக்கு அன்னைக்கே தெரியும். டீக்கடைக்காரரு பெறகு பந்திக்கு வந்தப்பச் சொன்னாருல்ல.”

“பெறகு ஏன் ஒண்ணும் கேக்கல?”

“நீயா சொல்லுவன்னு இருந்தேன். ஏழு வருசம் ஆக்குவன்னு யாரு கண்டா?”

அம்மா நல்ல கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். மந்திரம் பாதியில் நிற்கிறது என்று அவளுக்குக் கோபம். மறுபடி முதலிலிருந்து சொன்னோம், இரண்டு பேரும் சேர்ந்து. சாயங்காலம் கோயிலிலிருந்து பங்குச்சாமி வந்து அம்மா நெற்றியில் அவஸ்தை எண்ணெய் பூசினார்.

அதன் பிறகு அம்மா பதினோரு நாள் இருந்தாள். அக்கா காரைக்குடிக்குப் போகவில்லை.