பட்டுப் பையில் போன காபிக்கொட்டை

எழுபதுகளின் தொடக்கம் அது. சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயிலுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு காபிக்கடை இருந்தது. உட்கார்ந்து குடிக்கிற கடை இல்லை. கொட்டையை வறுத்து, கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டித் தருகிற கடை. பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்கார முதுகு வணங்காமல் காபிக்கு ஓடிவந்தவன் நான். கோயிலில் யார் முதலில் பாடுவது என்று சண்டை போட்டுக்கொள்பவர்கள்கூட காலையில் என் கடை வாசலில் ஒற்றுமையாக நிற்பார்கள்.

எனக்கு ஒரு திமிர் இருந்தது. என் மூக்கைப் பற்றிய திமிர். தூளைப் பெருங்காய டப்பா பக்கத்தில் வைத்துவிட்டு, "காபி சரியில்லைப்பா" என்று சண்டைக்கு வருகிறவர்களை ஒரு மோப்பத்திலேயே பிடித்துவிடுவேன். காபிக்கு ரோஷமே கிடையாது, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை ஒட்டிக்கொள்ளும் என்று பத்துப் பேர் முன்னால் பாடம் நடத்துவேன்.

ஒருநாள் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்த சென்னைக்காரர் ஒருவர், வறுக்கிற வாசனை பிடித்துக் கடைக்குள் வந்தார். வெளிநாடுகளுக்குக் காபி ஏற்றுமதி செய்கிற பெரிய வியாபாரி. வீட்டிலிருந்து டிகாக்‌ஷன் போட்டு வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மேற்கு ஜெர்மனியில் உலகத்துக் காபி, தேயிலை வியாபாரிகள் எல்லாரும் கூடுகிற ஒரு கண்காட்சி நடக்கப்போகிறதாம். அதில் அவருக்கு ஒரு ஸ்டால். அங்கே வெள்ளைக்காரர்கள் முன்னால் நம் ஊர் ஃபில்டர் காபி போட்டுக்காட்ட ஒரு ஆள் வேண்டுமாம். "ஒரு கிலோ வறுத்துத் தகர டப்பாவில் அனுப்புங்கள். எங்கள் ஆட்கள் ருசி பார்த்துச் சரி என்றால் நீங்கள்தான்" என்றார்.

அவர் சொன்னது 'சரி என்றால்'. என் காதில் விழுந்தது 'நீங்கள்தான்' மட்டும்.

அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு, ஜெர்மனியில் இட்லி கிடைக்குமா என்று என்னையே விசாரித்தார். வெளிநாடு போக அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட வேண்டும் என்றார்கள். போட்டுக்கொண்டு, கை வீங்கி மூன்று நாள் வறுக்கிற உருளையைச் சுற்ற முடியாமல் கிடந்தேன். அந்த வீக்கத்தையும் பெருமையாகக் காட்டினேன். என் மனைவி புளிக்காய்ச்சல் செய்து, எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று தினமும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போகாத ஊருக்கு வழி கேட்பது என்பார்கள். நான் கோட்டே தைத்துவிட்டேன்.

இனி என் கடையில் வேலை பார்த்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். விவசாயக் குடும்பம். ஏரி வற்றிய ஒரு வருஷம் கூலிக்கு வந்தவர், என் கடையிலேயே தங்கிவிட்டார். கொட்டை பொறுக்குவது அவர் வேலை. முறத்தில் பரப்பி, கருப்பு, உடைசல், பூச்சி அரித்தது, மழையில் நனைந்து மக்கியது எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். ஒரு மக்கிய கொட்டை போதும், ஒரு டம்ளரே மருந்து நெடி அடிக்கும். ஜெர்மனிக்கு என்று ஒதுக்கிய அந்த ஒரு கிலோவை நான்கு நாள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினார். என் பயணத்தை என்னைவிட அவர்தான் கவனமாகத் தயார் செய்தார்.

வறுத்தும் ஆயிற்று. டப்பாவில் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் என் அண்ணன் வந்தார். "காஞ்சிபுரத்துச் சரக்கு தகரத்துலயா போவும்? நம்ம மானம் இன்னா ஆவறது?" என்றார். தறியில் மிஞ்சிய பாவு நூலில் ஒரு கிலோ பிடிக்கிற அளவுக்கு நெய்து, ஜரிகை பார்டர் வைத்து, சுருக்குப் பை தைத்து வைத்திருந்தார். தறியை விட்டு ஓடிய தம்பிமீது அவருக்கு இருந்த வருத்தமெல்லாம் அந்தப் பையோடு தீர்ந்துபோனது மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா மட்டும், "காப்பிக்கு எதுக்கு மொதலாளி பட்டு? டப்பாலயே போடுங்க" என்றார். நான் சிரித்தேன். வயல்காட்டு மனுஷிக்குப் பட்டின் அருமை என்ன தெரியும் என்று மனதுக்குள் நினைத்தேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது.

கொட்டையைப் பையில் நிரப்பி அண்ணன் வீட்டில் சாமி முன் வைத்துக் கற்பூரம் காட்டினோம். மறுநாள் அஷ்டமி, அடுத்து நவமி, அதற்கடுத்து வீட்டில் யாருக்கோ நட்சத்திரம் சரியில்லை. நல்ல நாள் வரும்வரை எலிக்குப் பயந்து, புடவைகள் இருக்கிற மரப்பெட்டியில் பையை வைத்துப் பூட்டினார் அண்ணன். ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் நல்ல நேரம் பார்த்துத் தபாலில் சேர்த்தோம்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. நாலே வரி. கொட்டையில் மருந்து நெடி அடிக்கிறது, வேறு ஊர்க்காரரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், மன்னிக்கவும்.

கடைக்குள் நின்றபடியே படித்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற வார்த்தையின் முழுக் கசப்பும் அன்றுதான் தெரிந்தது. மருந்து நெடி என்றால் மக்கிய கொட்டை. மக்கிய கொட்டை என்றால் பொறுக்கியவர் குற்றம். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். கண் அவிந்துபோச்சா என்றேன். என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாய் என்றேன். அவர் மடியில் முறம் இருந்தது.

"ஒண்ணுகூட மக்கல் கெடையாது மொதலாளி. என் கையால பொறுக்கனது" என்று ஒரே ஒரு முறை சொன்னார். பொய் சொல்லாதே என்றேன். முறத்தில் இருந்த கொட்டையைச் சாக்கில் கொட்டி, முறத்தைத் தட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

மனசு கேட்காமல் ஒரு மாதம் கழித்துச் சென்னைக்குப் போனேன். இன்னொரு தரம் அனுப்புகிறேன் என்று கெஞ்சினேன். டிக்கெட்டே எடுத்தாகிவிட்டது என்றார்கள். பை அழகாக இருக்கிறது, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதைத் திருப்பித் தந்தார்கள். அடியில் கொஞ்சம் கொட்டை மிச்சம் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பூந்தமல்லியில் ஏறிய ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாபா, கல்யாணப் பொடவ எடுத்துக்கினு போறியா? பொட்டி வாசன தூக்குதே!"

புடவையா? என்னிடம் புடவை ஏது? பையைப் பிரித்து ஒரு கொட்டையைக் கடித்தேன். பாச்சை உருண்டை. பூச்சிக்குப் பயந்து பட்டுப் பெட்டியில் போடுகிறோமே, அதே உருண்டையின் நெடி கொட்டைக்குள் ஊறியிருந்தது. எங்கள் ஊரில் அது ஒரு வாசனையாகவே யாருக்கும் தெரியாது. பிறந்த நாள் முதல் அந்த வாசனையில்தான் மூச்சு விடுகிறோம். நிரப்பியபோதும், சாமி முன் வைத்தபோதும், பெட்டியிலிருந்து எடுத்தபோதும் என் பெரிய மூக்கு பக்கத்திலேயேதான் இருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மூக்கு. பஸ்ஸில் ஆண்பிள்ளை அழக்கூடாது என்பார்கள். நான் ஊர் வந்து சேரும்வரை அழுதேன்.

மறுநாள் தாமலுக்குப் போனேன். அக்கா ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, திரும்ப வாருங்கள் என்றேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப கொட்ட நல்லாதான் இருந்துச்சா?"

"நல்லா இருந்ததுக்கா. குறையே இல்லை."

அறுத்த புல்லைக் கட்டாகச் சேர்த்தார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார். "அன்னிக்கு அத்தினி பேர் இருக்க சொல்ல திட்னீங்க. இன்னிக்கு ஆள் இல்லாத எடத்துல வந்துக்கினு நல்லா இருந்துச்சுன்றீங்க. போங்க மொதலாளி, பஸ்ஸு வந்துரும்."

அவர் கேட்டது ஒன்றும் பெரிய காரியமில்லை. கடை வாசலில் நின்று, அவர்மேல் தப்பில்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அண்ணன் ஆசையாக நெய்த பைதான் கெடுத்தது என்று சொல்ல வேண்டும், அது அவர் காதுக்குப் போகும். அண்ணனுக்காகத்தான் மறைத்தேன் என்று என்னை நானே பல வருஷம் ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் என் மூக்கின் பெருமை போய்விடும் என்றுதான் பயந்தேன். அக்கா எங்கே என்று கேட்டவர்களிடம், பஸ் வசதிப்படவில்லை, நின்றுவிட்டார் என்றேன்.

பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. தைத்து வைத்த கோட்டை அந்துப்பூச்சி தின்றது, அதில் மட்டும் உருண்டை போட யாருக்கும் தோன்றவில்லை. கண்காட்சிக்குப் போகாத வருத்தம் நாலைந்து வருஷத்தில் ஆறிவிட்டது. சில வருஷம் கழித்துத் துணிந்து மறுபடி தாமலுக்குப் போனபோது, அக்கா குடும்பத்தோடு எங்கோ பிழைக்கப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அண்ணனும் இல்லை, கடையும் இல்லை. அன்று என் கடை வாசலில் நின்றவர்களில் யாராவது ஒருவர் இதைப் படித்தால்கூடப் போதும், அவருக்குச் சொல்கிறேன்: அந்த அக்கா பொறுக்கிய ஒரு கிலோ கொட்டையில் ஒன்றுகூட மக்கல் இல்லை, இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு ஒரு ஆயுள் ஆகிவிட்டது.