அண்ணே சாப்பிட்டாச்சு

இந்த ஆக்லாந்தில் மீ கோரெங், அதான் வறுத்த நூடுல்ஸ், தயாரானால் யாரும் குரல் கொடுக்கமாட்டார்கள். கையில் ஒரு சின்னக் கருவியைத் தருவார்கள். சாப்பாடு ஆனதும் அது மேசையில் கிடந்து நடுங்கும். வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. மலேசியாவில், எங்கள் கிள்ளானில், வாணலிச் சத்தத்தையும் மீறிக் கடைக்காரர் தொண்டை கிழியக் கத்துவார். காதுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் ஒரு மனுஷன் நம்மைக் கூப்பிட்டான் என்று இருக்கும்.

போன சனிக்கிழமை மதியம், வெஸ்ட்கேட் பக்கம் ஓர் உணவங்காடி. உட்கார இடமில்லாத கூட்டம். கல்லாவில் இருந்த பெண்ணிடம் மீ கோரெங் சொல்லி, கருவியை வாங்கிக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் அது கையில் உதறியது. அதற்குள் எப்படி? அடுப்புப் பக்கம் போனேன். வாணலி காலியாக இருந்தது. கடைக்காரர் லிம், தமிழ் பேசும் நம் நாட்டுச் சீனர், நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே சாப்ட்டாச்சுலா. அதோ, அங்க,” என்று தூணோர மேசையைக் காட்டினார்.

என் அண்ணன் இறந்து எட்டு மாதம்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்திருந்தார். “தம்பி, ஒருக்கா வந்துட்டு போடா.” அப்போது எனக்கு நிரந்தர விசா கைக்கு வரவில்லை, வெளியே போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்று பயம். “அடுத்த மாசம் வரேண்ணே” என்றேன். பத்தாம் நாள் போய்விட்டார். சடங்கைக் கைப்பேசியில் பார்த்தேன். “கடைசில என்மேல கோவமா இருந்தாரா அண்ணி?” என்று கேட்டதற்கு, “ஒண்ணும் சொல்லல தம்பி” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் போனதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

அப்புறம்தான் உறைத்தது. சீ, என்ன மடையன் நான்! நம் நாட்டுச் சீனக் கடைக்காரர்களுக்குத் தமிழன் எவனும் ‘அண்ணே’தானே. வேறு யாரோ தமிழர் என் தட்டைத் தவறி எடுத்திருப்பார். மூச்சு வந்தது. “எந்த அண்ணே, லிம்?” என்றேன்.

“எந்த அண்ணேவா? நீதான்லா. இப்பதானே அங்க உக்காந்து சாப்ட்ட.”

அவர் சிரிக்கவில்லை. அண்ணனுக்கும் எனக்கும் ஒரே முகம். பெற்ற அம்மாவே பெயர் மாற்றிக் கூப்பிடுவார்.

அத்தனை கூட்டத்திலும் அந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. தட்டில் கோடு கிழித்தது மாதிரி இடது பாதி சுத்தமாகக் காலி. வலது பாதியில் ஓர் இழைகூடத் தொடவில்லை. சின்ன வயதில் அப்பா எங்கள் இருவருக்கும் ஒரே தட்டுதான் வாங்குவார். அண்ணன் தன் பாதியைத் தின்றுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவார். எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும் என் பங்கில் கை வைக்கமாட்டார். நாற்காலியை இழுத்து அங்கேயே உட்கார்ந்தேன்.

மேசை துடைக்கும் வெள்ளைக்காரப் பெண் வந்து தட்டை எடுக்கப் பார்த்தார். “ஃபினிஷ்ட்?”

“நோ, நோ! மை பிரதர்ஸ் பிளேட்!” என்று பதறினேன்.

“ஓ, அவர் திரும்பி வருவாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் வாயில் தமிழ்தான் வந்தது. “இல்லம்மா. நான்தான் போயிருக்கணும்.”

என்ன புரிந்ததோ, “நோ வொரீஸ்” என்று சிரித்தபடி தட்டை வைத்துவிட்டுப் போனார்.

எனக்கென்று விட்டிருந்த பாதியை அழுதுகொண்டே சாப்பிட்டேன். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.