அருள்முருகனின் கால்கள் செய்த வேலை

முதலியார்பேட்டையில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேருக்கு அருள்முருகன்தான் மாஸ்டர். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, சாமிக்கண்ணு நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர், பதிமூன்று வருடம் இடப்பக்க இருக்கையை விட்டு எழவில்லை. பத்து வகுப்பு, பதினோராம் நாள் டெஸ்ட். டெஸ்ட் அன்றும் ஸ்கூல் கார்தான், பக்கத்தில் அருள்முருகன்தான். அதிகாரி பின் சீட்டில் இருப்பார். அருள்முருகன் கூட்டிப்போனவர்களில் ஒருவர்கூட முதல் தடவையில் தோற்றதில்லை.

ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஆபத்துக்கு மட்டும் என்று வைத்தது. அருள்முருகனின் கால்கள் ஆபத்து வரும்வரை காத்திருப்பதில்லை.

சாலையில் ஒரு கீறல்கூட வாங்காத மனிதர், சொந்த வீட்டு மாடியில் தண்ணீர் டேங்க் கழுவ ஏறி, ஏணி வழுக்கி விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

படுக்கையில் கிடந்த மாதங்களில் பழைய மாணவர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தபடி இருந்தார்கள். மனைவி நிர்மலா ஒருநாள் ஜன்னல் பக்கம் நின்று பார்த்துவிட்டு, “இவங்கல்லாம் நீங்க கார் கத்துக்குடுத்தவங்கதான? ஏன் எல்லாரும் ஆட்டோலயே வர்றாங்க?” என்று கேட்டார். பார்க்கிங் கிடைத்திருக்காது என்றார் அருள்முருகன்.

சாமிக்கண்ணு கைவிடவில்லை. வேறு வேலை தெரியாத ஆள், திரும்ப வரட்டும் என்றார். தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் நெடுமாறன், மாஸ்டர் பக்கத்துப் பிரேக்கிலும் கிளட்சிலும் இரும்புக் கம்பிகளைப் பொருத்தி, கைக்கு எட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்தார். ஓட்டுநர் பக்கத்திலும் அப்படியே ஒரு ஜோடி, ஆக்ஸிலரேட்டருக்கும் ஒரு கம்பி, வேண்டாதபோது கழற்றி வைக்கிற மாதிரி. தள்ளினால் பிரேக் பிடிக்கும்.

ஆனால் அருள்முருகனே முதலில் இந்தக் கம்பிகளோடு டெஸ்டில் தேற வேண்டும் என்றார்கள் போக்குவரத்து அலுவலகத்தில். போனார். எட்டு போடும்போது கம்பியைச் சற்று வேகமாகத் தள்ளிவிட்டார். பின் சீட்டு அதிகாரியின் நெற்றி முன் சீட்டில் முட்டியது. அருள்முருகன் கற்றுக்கொடுத்தவர்களில் முதல் தடவை தோற்ற ஒரே ஆள் அருள்முருகன்தான். அடுத்த மாதம் தேறினார். கற்றுக்கொடுக்க அனுமதி வர மேலும் ஏழு மாதம் ஆனது.

அனுமதி வந்த வாரத்தில் கார்குழலி வந்தார். காலாப்பட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை. எட்டு வருடத்துக்கு முன் அருள்முருகனிடம் பத்து நாளில் கற்று லைசென்ஸ் வாங்கியவர். இப்போது வீட்டில் கார் வாங்கியிருந்தார்கள். எல்லாம் தெரியும், கொஞ்சம் கை பழகினால் போதும் என்று சொல்லி உட்கார்ந்தார்.

கார் குதித்து அணைந்தது. இரண்டாம் தடவையும் அணைந்தது. மூன்றாம் தடவை கிளம்பி, ரயில்வே கேட் மூடியிருந்தும் நேராகப் போனது. அருள்முருகன் கம்பியைத் தள்ளினார். கார் நின்றது.

கார்குழலி அவர் கையையே பார்த்தார். “நீங்க ஏன் மாஸ்டர் புடிக்கிறீங்க? அப்பல்லாம் நானேதான புடிப்பேன்?”

கால் செய்ததை யாரும் பார்த்ததில்லை. கை செய்வதை மறைக்க வழியில்லை. கேட் திறந்ததும் அருள்முருகன் காரை மெதுவாகத் தாண்டச் சொன்னார். பிறகு ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

“அப்ப நீங்க ஓட்டல மேடம். நான்தான் ஓட்டுனேன்.”

“நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?”

“ஸ்டியரிங் புடிச்சிட்டிருந்தீங்க. அதுலயும் பாதி நான்தான்.”

கார்குழலிக்குச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. “எட்டு வருஷமா எனக்குத் தைரியம் இல்லன்னு வீட்ல சொல்றாங்க. நானும் அத நம்பிக்கிட்டே இருந்துட்டேன் மாஸ்டர்.”

அருள்முருகனுக்கு ஆட்டோவில் வந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். தப்பு தன்மேல்தான் என்றார். நாளைக்கு வாருங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

அதன்பின் அவர் கைகள் மடியிலேயே இருந்தன. கார்குழலியின் கண் அடிக்கடி அந்தப் பக்கம் போகும். கை நகரவில்லை என்றால் கார் தன்னுடையது. இருபத்து நான்காம் நாள் ஈ.சி.ஆரில் மீன் கூடையோடு ஒரு டிவிஎஸ் குறுக்கே பாய்ந்தது. அருள்முருகன் கை கம்பிக்குப் போவதற்குள் கார் நின்றிருந்தது. இருவரும் காலாப்பட்டு வரை போய்த் திரும்பினார்கள்.

சாமிக்கண்ணுவுக்குக் கவலை வந்தது. “அருளு, பக்கத்து ஸ்கூல்ல பத்து நாள்ல அனுப்புறான். நீ ஒருத்தர ஒரு மாசம் வெச்சிக்கினு இருந்தா எவன் வருவான்?”

“முந்தி நானும் பத்து நாள்ல அனுப்புனேன்ண்ணே. அப்ப அவங்க யாரும் கத்துக்கல.”

“கத்துக்கலன்னு எவனாவது வந்து கேட்டானா? அப்ப நல்லாத்தான சொல்லிக்குடுத்த. கால் போனதுல இருந்து உனக்குத் தைரியம் போயிடுச்சி.”

சாமிக்கண்ணு ராஜ்கமல் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தார். நல்ல உறுதியான கால்கள். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் ராஜ்கமலிடம் போனார்கள், பத்து நாளில் தேறினார்கள், இனிப்பு கொடுத்தார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து, கூச்சத்தோடு அருள்முருகனைத் தேடி வந்தார்கள். ஒரே ஆள் இரண்டு தடவை சேர்வதில் சாமிக்கண்ணுவுக்கு வருத்தம் ஏதுமில்லை. அருள்முருகனிடம் இப்போது கற்கிற ஒன்பது பேரிடமும் லைசென்ஸ் இருக்கிறது.

கார்குழலி தினமும் காலாப்பட்டுக்குக் காரில் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார். எதிரே லாரி வந்தால் அவர் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறதாம். இதை ஒருநாள் கார்குழலி போனில் சொன்னபோது அருள்முருகன் கொஞ்ச நேரம் சிரித்தார்.

“மிதிக்கட்டும் மேடம். அங்க ஒண்ணும் இல்ல.”