கமலாசனியின் முழுவியளம்

கனகராயன்குளத்துக் குடியேற்றத்தில் கமலாசனியின் முகத்தைப் பார்க்காமல் எவரும் நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டதில்லை. புறப்படும்போது முதலில் எதிர்ப்படுகிறவர்தான் முழுவியளம். அது சரியில்லாவிட்டால் போன காரியம் பாழ். நெற்றி நிறையக் குங்குமத்தோடு, சிரித்த முகமாக, செம்பில் தண்ணீர் ஏந்தி அவள் வாசல் படலையடிக்கு வந்தால் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த சனம், காடு வயலானது அவள் முகத்தாலேதான் என்பதுபோலக் கதைத்தது. கமலாசனிக்கும் பெருமைதான். ஏன் இருக்காது?

1961 ஆவணியில் அவளுடைய இடக் காதுக்குக் கீழே ஒரு கட்டி தெரிந்தது. கன்னம் வீங்கவைக்கும் கூகைக்கட்டு என்று நினைத்துப் பத்துப் போட்டாள். அது மசியவில்லை. கணவன் அப்புத்துரை அவளை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். முகத்து நரம்புகளையும் கழுத்துப் புற்றுநோயையும் ஆராய்கிற டாக்குத்தர் பரமலிங்கம் அன்று கொழும்பிலிருந்து வந்திருந்தார். கட்டியை அமத்திப் பார்த்தார், கண்ணை மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார். கமலாசனி வெட்கத்தில் நெளிந்தாள்.

“இது புற்றுநோய், அம்மா. முகத்தை அசைக்கிற நரம்பு இந்தக் கட்டிக்குப் பக்கத்தாலதான் போகுது. இப்பவே கொழும்புக்கு வந்தால் நரம்பைத் தப்பவிட்டுக் கட்டியை மட்டும் வெட்டலாம். பிந்தினால் அதையும் வெட்டவேணும். ஒரு பக்கம் முகம் விழுந்துபோம்.”

அவள் அன்றைக்கே போக ஆயத்தம். ஆனால் பக்கத்து வயல்காரன் வீரகத்தி வந்து முற்றத்தில் குந்திவிட்டான்.

“தங்கச்சி, விதைப்பு முடியட்டும். போன வரியம் விதைக்கேக்க நீ ஊரில இல்லாமல்தானே எல்லாம் வெள்ளத்தில போனது? நீ முன்னுக்கு வராமல் நான் விதை நெல்லில கை வைக்கமாட்டன்.”

“ஊரைப் பகைச்சு இஞ்ச இருக்கேலுமே?” என்றான் அப்புத்துரை. “கட்டி நோகேல்லைத்தானே?”

நோகவில்லைதான். அவள் காத்திருந்தாள். அந்த வருடம் மழையும் பிந்தியது. வீரகத்தி விதைத்து முடித்த கையோடு ஒருநாள் காலை, குடித்த தேத்தண்ணி அவள் வாயின் இடப்பக்கத்தால் வழிந்து சட்டையை நனைத்தது.

கொழும்பில் உயிரைக் காப்பாற்றினார்கள். நரம்பு போயிற்று. இடக்கண் மூடாது; வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. சோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்குத்தர் மாணவர்களைச் சுற்றிவர நிறுத்தி, “இவா பிந்தி வந்தவா” என்று காட்டினார். அவர் நல்ல மனுசன். நேரத்தோடு வெட்டினால் முகம் தப்பும் என்று நிரூபிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்கு இப்படியும் ஒரு முகம் வேண்டியிருந்தது. ஏன் பிந்தினாள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் வயிறெரிந்து சொல்லியிருப்பாள்.

ஊரிலோ, அவள் ஒழுங்கையில் வந்தால் சனம் படலைக்குள் நின்றது. அவள் கடந்து போனபிறகுதான் சைக்கிள்கள் வெளியே வந்தன. அடுத்த விதைப்புக்கு முதல்நாள் வீரகத்தியின் மனைவி விமலேஸ்வரி வந்தாள்.

“மச்சாள், குறை நினைக்காதேங்கோ. நாளைக்கு இவர் விதைக்கப் போறார். காலமை கொஞ்சம் உள்ளுக்கு இருந்தால்…”

கமலாசனி புருசனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, “ஓம் எண்டு சொல்லிவிடன்” என்றான். அதுதான் அவளுக்குக் கூடுதலாகச் சுட்டது.

மறுநாள் வீரகத்தியின் வண்டி ஒழுங்கையில் திரும்பியபோது, குளித்து, குங்குமம் வைத்து, செம்பில் தண்ணீர் ஏந்தி அவள் நடுவில் நின்றாள். அவன் மாட்டை இழுத்து நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பாருங்கோ, வீரகத்தியண்ணை,” என்றாள் கோணிய வாயால். “உங்கட முழுவியளத்துக்குத்தான் நான் பிந்தினனான். வடிவாப் பாத்திட்டுப் போங்கோ.”